பழைய டி700-ஆ, பாக்கெட் ஜிஆர்-ஆ? (கூத்துப் படம் எடுப்பதற்கு)

கீழ்வீதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கையில் 40 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு கேமராதான் வாங்க முடியும். அடுத்த ஆண்டு இன்னொன்று பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எடுக்கப்போவது தெருக்கூத்து. என் தாய்மாமா செய்யாறு பக்கத்து ஜமா (கூத்துக் குழு) ஒன்றில் வேஷம் கட்டுகிறார். பங்குனியில் தொடங்கினால் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் அவர்களுக்கு ஆட்டம் இருக்கும். இத்தனை நாள் போனில் எடுத்தேன். பகல் படம் குறை சொல்ல முடியாது. இரவு ஆட்டம் சூடு பிடித்த பிறகு எடுத்தால், நெற்றியில் போட்ட கோடும் மீசையும் எல்லாம் வழித்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. இரைச்சலை (இருட்டுப் படத்தில் விழும் புள்ளிகளை) குறைக்கிறேன் என்று போன் அரிதாரத்தையே அழித்துவிடுகிறது.

இரண்டு கேமரா பார்த்து வைத்திருக்கிறேன்.

நிக்கான் டி700, கூடவே 50 எம்எம் எஃப் 1.8 டி லென்ஸ். கல்யாண வேலை பார்த்த கேமரா. ஷட்டர் 1,62,000 ஓடியிருக்கிறது. கேட்கிற விலை 34 ஆயிரம்.

ரிக்கோ ஜிஆர் 2. ஒரே ஆள் வைத்திருந்தது, பெட்டியோடு 38 ஆயிரம்.

வீடியோ தேவையில்லை. படங்களை அச்சுப் போட்டு ஒரு சிறிய புத்தகமாகக் கட்டி மாமாவிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வேலை முடிந்து பஸ் பிடித்துப் போவேன், விடியற்காலை முதல் பஸ்ஸில் திரும்புவேன். எது வாங்கலாம்?

---

மூன்றாம்கண் எழுதியது:

டி700. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரவு ஆட்டம், ஓடுகிற ஆள். பாக்கெட் கேமராவை வைத்துக்கொண்டு முழிக்காதீர்கள்.

---

வெள்ளி_உப்பு எழுதியது:

மூன்றாம்கண் சொன்ன பதில் சரி. காரணத்தை நான் சொல்கிறேன்.

டி700 வந்தது 2008-இல். அதற்கு முந்தைய ஆண்டு வந்த டி3-இன் அதே 12 மெகாபிக்சல் முழுச்சட்ட சென்சாரை அதைவிடச் சிறிய உடலில் வைத்தார்கள். சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். ஜிஆர் 2 வந்தது 2015-இல். அதன் சென்சார் ஏபிஎஸ்-சி, பரப்பில் பாதிக்கும் குறைவு. அதாவது சென்சாரில் மட்டும் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேலே இழக்கிறீர்கள். அப்புறம் லென்ஸ். அங்கே எஃப் 1.8, இங்கே எஃப் 2.8 (எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்). அதில் இன்னொரு ஒன்றேகால் ஸ்டாப். கூட்டினால் இரண்டரை ஸ்டாப் வருகிறது.

ஸ்டாப் கணக்கு பழக்கமில்லாதவர்களுக்காக: ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு. டி700-இல் 1/250 நொடியில் எடுக்கிற படத்தை, அதே அளவு இரைச்சலோடு ஜிஆரில் எடுக்க ஷட்டரை 1/40 வரை இறக்க வேண்டும். துரியோதனன் சுழன்று ஆடும்போது 1/40-இல் எடுத்தால் கிரீடம் எது, கை எது என்று நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கும்.

ஃபோகஸும் அப்படித்தான். டி700-இல் 51 ஃபோகஸ் புள்ளிகள். 2008-இல் தொழில்முறைக்காரர்களுக்காகச் செய்தது, இன்றைக்கும் இருட்டில் தடுமாறாமல் பிடிக்கும். ஜிஆர் 2 மங்கிய வெளிச்சத்தில் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும். வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

12 மெகாபிக்சல் போதுமா என்று யாராவது கிளப்புவார்கள். படம் 4256-க்கு 2832 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் 14-க்கு 9 அங்குலம் தாராளமாக வரும். ஏ4 புத்தகத்துக்கு அது போதும்.

---

பைக்குள்_பெட்டி எழுதியது:

எல்லாம் சரி. டி700-ஐத் தூக்கிப் பார்த்திருக்கிறாரா அவர்? பேட்டரி போடாமலே 995 கிராம். பேட்டரியும் லென்ஸும் சேர்ந்தால் ஒரு கிலோவுக்கு மேல் போய்விடும். கழுத்தில் மாட்டி விடிய விடிய உட்கார வேண்டும், பிறகு பஸ்ஸில் நின்றுகொண்டு வர வேண்டும். ஜிஆர் 251 கிராம், சட்டைப் பையில் போகும்.

இரண்டும் வேண்டாம் என்றால் மூன்றாவது வழி சொல்கிறேன்: சோனி ஆர்எக்ஸ்100 மூன்றாவது மாடல். எஃப் 1.8-இல் தொடங்கும் ஜூம், உள்ளிருந்து எழும்பும் வியூஃபைண்டர், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி எல்லாம் உண்டு. பவர் பேங்கில் சார்ஜ் ஏற்றலாம், ஊர்க்கோடித் திடலில் அது பெரிய விஷயம்.

---

வெள்ளி_உப்பு எழுதியது:

பைக்குள்_பெட்டி, நடுக்கத்தைச் சரிசெய்வது உங்கள் கை நடுக்கத்தைத்தான். ஆடுகிறவர் காலை அது பிடித்து நிறுத்தாது.

அந்த எஃப் 1.8-ம் 24 எம்எம் முனையில்தான். 70-க்கு நீட்டினால் எஃப் 2.8. அதுவும் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர் சென்சாரில். முழுச்சட்டத்தின் பரப்பு இதைப் போல ஏழு மடங்குக்கும் மேல். ஆர்எக்ஸ்100 நல்ல கேமராதான், ஊர் சுற்றப் போகிறவருக்கு நானே பரிந்துரைப்பேன். இரவுக் கூத்துக்கு ஜிஆரை விடவும் பின்தங்கும்.

---

வாவிக்கரை எழுதியது:

வணக்கம், நான் மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் வடமோடி, தென்மோடிக் கூத்துகளைக் கன காலமாகப் படம் எடுத்து வருகிறேன். தெருக்கூத்து வேறு மரபு, ஆனாலும் கமரா படுகிற பாடு ஒன்றுதான்.

தம்பி எங்கே இருந்து எடுக்கப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லையே? எங்களுக்கு வட்டக்களரி. சனம் சுற்றிவர இருக்கும், ஆட்டம் நடுவில். வெளியே இருந்து எடுத்தால் 50 எம்எம் சரியாக வரும். 5 மீட்டர் தள்ளி நின்றால் இரண்டரை மீட்டர் உயரம் சட்டத்துக்குள் அடங்கும், முடியோடு முழு ஆளும் நிற்கும். ஜிஆரின் 28 எம்எம்முக்கு அதே முழு ஆள் வேண்டுமென்றால் 3 மீட்டருக்குள் போக வேண்டும். களரி ஓரத்தில் நிலத்தில் இருக்கிற பிள்ளைகளோடு பிள்ளையாக இருந்தால் நடக்கும். எழும்பி நிற்கேலாது. நின்றால் பின்னால் இருக்கிற ஆச்சி மண்ணள்ளி எறிவா.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒப்பனை நடக்கிற இடத்துக்குப் பெரிய கமராவோடு போனால் ஆக்கள் நிமிர்ந்து இருந்து முகத்தைக் காட்டுவார்கள். பத்திரிகைக்காரன் வந்துவிட்டான் என்று அண்ணாவியாரும் (கூத்துப் பழக்குகிற ஆசிரியர்) எழும்பி வந்து விளக்கம் சொல்லத் தொடங்குவார். அதற்குப் பிறகு அந்த இடம் பழைய இடமாக இராது. சின்னக் கமராவை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை.

தம்பி, உங்களுக்கு ஆட்டம் வேணுமா, ஆட்டத்துக்கு முந்தின இரண்டு மணித்தியாலம் வேணுமா?

---

கீழ்வீதி எழுதியது:

நல்ல கேள்வி அண்ணா. யோசித்துப் பார்த்தேன்.

ஆட்டத்தைப் படம் எடுக்க இப்போதெல்லாம் நிறையப் பேர் வருகிறார்கள். புரிசை மாதிரி பேர் பெற்ற ஊருக்கு வெளிநாட்டில் இருந்தும் வருகிறார்கள். எங்கள் ஜமாவுக்கும் திருவிழா சமயத்தில் நாலு கேமராவாவது வந்துவிடும். ஆனால் வேஷம் கட்டுகிற இடத்துக்குள் அவர்களால் வர முடியாது. வந்தாலும் வாசலில் நின்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன், டீ வாங்கிக்கொண்டு வருவதே நான்தான்.

பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட அறை, இல்லையென்றால் தென்னை ஓலைத் தடுப்பு. ஒரே ஒரு டியூப் லைட். அவரவர் ஒரு கைக்கண்ணாடியைத் தொடையில் சாய்த்து வைத்துக்கொண்டு தானே முகம் எழுதுவார். மாமா முதலில் மஞ்சள் அரிதாரத்தை நீர் விட்டுக் குழைத்து முகம் முழுக்கத் தடவிக்கொள்வார், அப்புறம் தென்னங்குச்சியில் கறுப்பைத் தொட்டுப் புருவத்தை இழுப்பார். மூச்சுகூட விடமாட்டார் அந்த நேரம். போனில் அந்தப் படம்தான் எனக்கு வரவே இல்லை.

---

பதினெட்டுமுழம் எழுதியது:

டி700 பக்கம் சாய்கிறவர்களுக்காக இது. எந்தப் பழைய தொழில்முறை உடல் வாங்கினாலும் பொருந்தும்.

1,62,000 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டி700-இன் ஷட்டரை 1,50,000 தடவை இயக்கிச் சோதித்ததாக நிக்கான் சொல்லியிருக்கிறது. அந்த எண்ணைத் தாண்டியதும் நின்றுபோகும் என்று பொருள் இல்லை. 2 லட்சம் தாண்டி ஓடுவதும் உண்டு, முன்னாலேயே போவதும் உண்டு. விற்பவர் சொல்கிற எண்ணை நம்பாமல், நேரே ஒரு படம் எடுத்துக் கணினியில் போட்டு எக்சிஃப் தகவலைப் பாருங்கள். நிக்கான் படத்துக்குள்ளேயே எழுதி வைத்துவிடும்.

அதைவிட முக்கியம், கார்டு போடும் துளை. டி700-க்கு காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டுதான், எஸ்டி போகாது. துளைக்குள் 50 ஊசிகள் நிற்கும். அவசரத்தில் கார்டைச் சாய்வாகச் செருகினால் ஒன்று வளைந்துவிடும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், ஊசிகள் வரிசை பிசகாமல் நிற்க வேண்டும். கல்யாண வேலை பார்த்த கேமராவில் கார்டு எத்தனை ஆயிரம் தடவை ஏறி இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கார்டும் ரீடரும் இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. விற்பவரிடமே இரண்டு கார்டு சேர்த்துக் கேளுங்கள், அவருக்கும் அதனால் இனி பயனில்லை.

அடுத்து, இந்த 50 எம்எம் டி லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. உடலில் இருக்கிற மோட்டார்தான் திருகு மூலம் அதைச் சுற்றுகிறது. 50 எம்எம்மை மாட்டி, அருகில் ஒன்று, தூரத்தில் ஒன்று என மாற்றி மாற்றி ஃபோகஸ் செய்து பாருங்கள். இழுத்துப் பறிக்கிற சத்தம் வந்தால் விலகிவிடுங்கள்.

கைப்பிடி ரப்பர் பசை விட்டு எழும்பியிருக்கும். அதை ஒரு குறையாகச் சொல்லி விலையில் ஆயிரம் குறைக்கலாம். ஒட்டுவது சுலபம்.

கடைசியாக, லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. சென்னை, கடலூர், நாகை எனக் கடலோரத்தில் இருந்து வருகிற லென்ஸ்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். மூடிய பீரோவில் துணிகளோடு வைத்தால் அப்படித்தான் வரும்.

---

மூன்றாம்கண் எழுதியது:

வேஷம் கட்டுகிற அறைக்கும் டி700 போதும். பெரிய கேமராவைப் பார்த்து நிமிர்ந்து உட்காருவது முதல் அரை மணி நேரம்தான். சொந்த மருமகனைப் பார்த்து எத்தனை நாளைக்கு போஸ் கொடுப்பார்கள்?

---

பைக்குள்_பெட்டி எழுதியது:

மருமகன் சரி, அறையில் மற்ற ஏழெட்டுப் பேர்?

சின்னக் கேமராவை ஏளனமாகப் பேசுகிறவர்களுக்கு இரண்டு பெயர் சொல்கிறேன். ஜப்பானின் டைடோ மொரியாமா. அவர் தெருவெல்லாம் சுற்றியது ரிக்கோ ஜிஆரோடுதான், ஃபிலிம் காலத்து ஜிஆரில் தொடங்கி டிஜிட்டல் வரை. அலெக்ஸ் மஜோலி. மேக்னம் புகைப்படக்காரர். 2003 வாக்கில் ஈராக்கிலும் காங்கோவிலும் ஒலிம்பஸ் சி-5050 மாதிரி பாக்கெட் கேமராவில் எடுத்துவந்தார். 5 மெகாபிக்சல்! அந்த வேலைக்கு விருதும் கிடைத்தது.

---

வெள்ளி_உப்பு எழுதியது:

மொரியாமா படம் கரகரவென்று இருப்பதுதான் அவர் பாணி. கறுப்பு வெள்ளையில் மணல் கொட்டிய மாதிரி. அரிதாரத்தின் மஞ்சளும் சிவப்பும் வேண்டும் என்று கேட்பவருக்கு அவரை எடுத்துக்காட்டாகச் சொன்னால் எப்படி?

மஜோலி விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அவரே பகல் வெளிச்சத்தில் எதை எடுத்தார், இரவில் எதை எடுத்தார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் பெயரைச் சொல்லிக் கேமரா விற்பது சுலபம்.

---

இழைக் காவலர்:

பெரியவர்களை விட்டுவிட்டுக் கேட்டவர் கேள்விக்கு வாருங்கள், ப்ளீஸ்.

---

தாளக்கட்டு எழுதியது:

தாமதமாக வருகிறேன். என்னிடம் முழுச்சட்டமும் இருக்கிறது, ஜிஆரும் இருக்கிறது. கூத்துக்கும் போகிறவன்தான்.

வெள்ளி_உப்பு போட்ட கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது களத்தில் ஆடுகிறவரைப் பற்றிய கணக்கு. முகம் எழுதுகிறவர் ஆடுவதில்லை. கீழ்வீதியே சொல்லிவிட்டார், மூச்சுகூட விடமாட்டார் என்று. அங்கே 1/60 போதும், கை நடுங்காமல் சுவரில் சாய்ந்தால் 1/30-ம் போதும். ஜிஆரின் 28 எம்எம்மில் அதைக் கையில் பிடித்தே எடுத்துவிடலாம். டியூப் லைட் அறையில் எஃப் 2.8, 1/60, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 1600 பக்கம் வைத்துத்தான் நான் எடுக்கிறேன். ஏ4-இல் அச்சுப் போட்டால் இரைச்சல் தெரியாது.

அந்த அறையின் அளவையும் கவனியுங்கள். 50 எம்எம்மை மாட்டிக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தால் ஒரு முகமும் ஒரு தோளும்தான் வரும். தொடையில் சாய்த்த கண்ணாடி, தென்னங்குச்சி, பக்கத்தில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்த கிரீடம், பின்னால் முகவீணைக்குச் சீவாளி நனைக்கிறவர், இதெல்லாம் ஒரே சட்டத்தில் வேண்டுமென்றால் 28 வேண்டும். டி700-க்கு அகல லென்ஸ் தனியாக வாங்க வேண்டும், மீதி 6 ஆயிரத்தில் அது நடக்காது.

ஜிஆரின் ஃபோகஸ் இருட்டில் தேடும் என்பது உண்மை. அதனால் அதை நம்பாதீர்கள். 'ஸ்நாப்' என்று ஒரு வசதி இருக்கிறது. தூரத்தை முன்கூட்டியே 2 மீட்டர் என்று குறித்துவிட்டு பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால் ஃபோகஸ் தேடாமல் உடனே எடுத்துவிடும். எஃப் 2.8-இல் 2 மீட்டர் வைத்தால் ஒன்றரையில் இருந்து 3 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். களத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆட்டமே அந்தத் தூரத்துக்குள்தான் அடிக்கடி வந்து போகும். அதே நேரம் டி700-இல் 50 எம்எம் எஃப் 1.8-இல் 5 மீட்டர் தள்ளி இருப்பவரை எடுத்தால் தெளிவு ஒரு மீட்டர் ஆழம்தான். ஒரு எட்டு முன்னால் பாய்ந்தால் முகம் போச்சு. வெளிச்சம் நிறைய கிடைக்கிறது, அதற்கு விலை அங்கே கொடுக்கிறீர்கள்.

ஃபிளாஷ் மட்டும் வேண்டாம், எந்தக் கேமராவாக இருந்தாலும். கிரீடம், புஜகீர்த்தி (தோள் அணி), மார்புப் பதக்கம் எல்லாம் மரக்கட்டையில் செய்து கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் ஒட்டியவை. நேராக ஃபிளாஷ் அடித்தால் ஒவ்வொரு சில்லும் திருப்பி அடிக்கும், நடுவில் முகம் கறுத்துப்போகும். பக்கவாட்டில் தொங்குகிற ஒற்றை விளக்கில் பாருங்கள், அதே சில்லுகளில் நாலைந்து மட்டும் மின்னும். அந்தக் காலத்துக் கட்டை வேலை செய்தவர்கள் ஃபிளாஷை நினைத்துச் செய்யவில்லை.

இன்னொன்று, டியூப் லைட்டும் மலிவு எல்இடியும் நொடிக்கு 100 தடவை துடிக்கும், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால். டி700-இல் 1/500 வைத்தால் படத்தில் மங்கலும் பிரகாசமுமாகப் பட்டை பட்டையாக விழ வாய்ப்புண்டு, ஏனென்றால் அங்கே ஷட்டர் ஒரு கீற்றாகத்தான் சென்சாரைக் கடக்கிறது. ஜிஆரின் ஷட்டர் லென்ஸுக்குள் இதழ் மாதிரி விரிவது, சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் வெளிச்சம் பெறும். பட்டை விழாது, ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரலாம். எதுவானாலும் 1/100-இல் நின்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. 1/100-இல் பாவாடையும் காலும் குழையும். குழையட்டுமே. அடவு முடிந்து, பின்பாட்டுக்காரர் அடியை வாங்கிக்கொள்கிற அந்தக் கணத்தில் ஆடுபவர் நின்றுதான் ஆக வேண்டும். பாட்டைக் கேட்டுக்கொண்டே எடுத்தால் கை தானாகப் பழகிவிடும்.

என் பதில்: ஜிஆர். ஆட்டத்தை எடுக்க நாலு பேர் வருகிறார்கள், அறைக்குள் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். பதினெட்டாம் போர் இரவுக்கு மட்டும் பெரிய கேமராவை வாடகைக்கு எடுங்கள். மாவட்டத் தலைநகர் எதிலும் கல்யாண போட்டோகிராபர்களுக்கு வாடகை விடுகிற கடை இருக்கும். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்தால் மலிவாகவும் கொடுப்பார்கள்.

---

மூன்றாம்கண் எழுதியது:

வாடகை நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை. மண் தரையில் ஆட்டம், புழுதி எழும்பும். ஜிஆருக்குத் தூசித் தடுப்பு கிடையாது. ஒவ்வொரு தடவை லென்ஸ் நீளும்போதும் காற்றை உள்ளே இழுக்கும், காற்றோடு தூசி போகும், போய்ச் சென்சாரில் உட்காரும். டி700-இல் தூசி விழுந்தால் லென்ஸைக் கழற்றி ஊதுபந்தால் ஊதிவிடலாம். ஜிஆரைப் பிரித்துத்தான் துடைக்க வேண்டும். அந்தச் செலவை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

டி700 மெக்னீசியம் உடல். இணைப்பு இடங்களில் எல்லாம் ரப்பர் அடைப்பு உண்டு. கோடை மழை ரெண்டு தூறல் போட்டாலும் கவலை இல்லை. பதினைந்து வருஷம் தாண்டியும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்றால் சும்மாவா? அந்த ஜிஆர் இன்னும் பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கும்?

---

தாளக்கட்டு எழுதியது:

தூசி விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஜிஆர் வைத்திருப்பவர்கள் எல்லோருடைய புலம்பலும் அதுதான். என்னுடையதிலும் உண்டு.

செய்யக்கூடியது கொஞ்சம்தான். பாக்கெட்டில் நூல் துகள் இல்லாத சிறிய பையில் போட்டு வையுங்கள். களத்தோரம் உட்கார்ந்தபின் லென்ஸை அடிக்கடி உள்ளே இழுத்து வெளியே விடாதீர்கள். தானாக அணைகிற நேரத்தை நீட்டிவிடுங்கள். பேட்டரி சீக்கிரம் தீரும், அதற்கு இன்னொரு பேட்டரி.

---

கீழ்வீதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் நேரில் பார்த்தேன்.

டி700-ஐக் கையில் எடுத்ததும் மனசு அதன் பக்கம் போய்விட்டது, பொய் சொல்லக் கூடாது. கைக்குள் அப்படிப் பொருந்துகிறது. ஷட்டர் அடிக்கிற சத்தமே ஒரு தெம்பு. (ஹார்மோனியமும் டோலக்கும் சேர்ந்தால் அந்தச் சத்தம் யார் காதிலும் விழாது என்பது வேறு.) பதினெட்டுமுழம் சொன்னபடி கார்டுத் துளையில் டார்ச் அடித்தேன். ஓரத்து வரிசையில் ஒரு ஊசி லேசாகத் தலை சாய்ந்திருந்தது. விற்பவர் "இப்படியேதான் மூன்று வருஷமாக ஓடுகிறது" என்றார். ஓடவும் செய்தது. இருந்தாலும் மனசு ஒட்டவில்லை.

ஜிஆரில் வெள்ளைச் சுவரை எஃப் 16-இல் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் ஓரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. அதைக் காட்டி 36 ஆயிரத்துக்குப் பேசி வாங்கிவிட்டேன்.

நேற்று ஆட்டம். மாமாவுக்குக் கர்ணன் வேஷம். முகம் எழுதும்போது எடுத்த படங்களை இன்று காலை கணினியில் பார்த்தேன். அரிதாரம் காயும்போது கன்னத்தில் விழுகிற மெல்லிய விரிசல்கூடத் தெரிகிறது. கைக்கண்ணாடிக்குள் அவர் கண் ஒன்று, வெளியே அவர் கை. களத்தில் எடுத்ததில் பாதிக்கு மேல் வீண், வெள்ளி_உப்பு எச்சரித்தது அப்படியே நடந்தது. திரைக்குப் பின்னால் இருந்து வருகிற இடத்தில் ஸ்நாப் வைத்து எடுத்தது மட்டும் இரண்டு மூன்று நன்றாக வந்திருக்கிறது. திரை பிடித்திருந்த பையன் கொட்டாவி விடுவதும் அதில் சேர்ந்து விழுந்துவிட்டது, அதை வெட்ட மனமில்லை.

ஒரு சந்தேகம். டியூப் லைட்டில் எடுத்த படங்களில் மஞ்சள் அரிதாரம் கொஞ்சம் பச்சையாக வருகிறது. களத்தில் குண்டு பல்பும் எல்இடியும் கலந்து கிடந்தது, அங்கே ஒரு முகமே இரண்டு நிறம். என்ன செய்யலாம்?

---

வெள்ளி_உப்பு எழுதியது:

வாழ்த்துகள். 'ரா' கோப்பில் (கேமரா திருத்தாமல் விடுகிற மூலக் கோப்பு) எடுத்தீர்களா? எடுத்திருந்தால் கவலையில்லை. அறைக்குள் எடுத்தவற்றுக்கு, அங்கே யாராவது கட்டியிருந்த வெள்ளை வேட்டியைத் தொட்டு வெண்மைச் சமநிலையைச் சரிசெய்யுங்கள், பச்சை போய்விடும். நீலம் போட்ட வேட்டியாக இருந்தால் வேண்டாம், வேறு பக்கம் சாய்ந்துவிடும். பழைய சுண்ணாம்புச் சுவர் இருந்தால் இன்னும் நல்லது.

களத்தில் கலந்த வெளிச்சத்தை ஒரே அளவில் திருத்த முடியாது. முகத்தின் எந்தப் பக்கம் முக்கியமோ அதற்குச் சரிசெய்துவிட்டு மற்றதை அப்படியே விடுங்கள்.

---

வாவிக்கரை எழுதியது:

அந்தக் கொட்டாவிப் படத்தை இங்கே போடுங்கோ தம்பி, பார்ப்பம். பையனிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு.

---

கீழ்வீதி எழுதியது:

ராவில்தான் எடுத்தேன். வேட்டி தாராளமாக இருக்கிறது, இன்று இரவு திருத்திப் பார்க்கிறேன்.

வாவிக்கரை அண்ணா, பையன் சரி என்று சொல்லிவிட்டான். ஆனால் புத்தகத்தில் முதல் பக்கத்தில் போட வேண்டுமாம். பதினெட்டாம் போருக்கு ஒரு டி700 வாடகைக்குக் கேட்டு வைத்திருக்கிறேன், 85 எம்எம்மோடு. வைகாசி முகூர்த்தங்கள் முடிந்த பிறகு வரும் சனிக்கிழமை என்பதால் கடைக்காரர் மறுக்கவில்லை.